சனியை ஓரமாகப் பார்க்கும் குழாய்

வைஷ்ணவிக்கு வேண்டியது புருஷனின் ஒரே ஒரு தலையாட்டல். அது எந்தக் கடையிலும் விற்காததால் டெலஸ்கோப் வாங்க வந்திருந்தாள்.

கணவன் இளங்கோவனுக்கு மகர ராசி. ஏழரைச் சனி பிடித்த நாள்முதல், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது உட்பட, வீட்டில் எது கெட்டாலும் அவன் சனியைத்தான் கைகாட்டினான். விட்ட வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று அவள் வாயெடுத்தபோதெல்லாம், "சனி போகட்டும் வைஷு" என்றான். ஒரு பஞ்சாங்கப்படி சனி போன வருஷமே போய்விட்டது. இன்னொன்று இந்த வருஷம் என்றது. அவன் அதையே பிடித்துக்கொண்டான். அதுவும் முடிந்தபின், "வால் இன்னும் இருக்கும்" என்கிறான். சனிக்கு ஏதய்யா வால்?

இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சனியைக் கண்ணால் பார்த்துவிட்டால், அது எங்கோ தூரத்தில் கிடக்கும் சின்னப் பொட்டு என்று இவனுக்கே உறைக்கும் என நம்பினாள். அவனும் சம்மதித்தான், ஆனால் நேருக்கு நேர் பார்க்க மாட்டானாம். கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது சனீஸ்வரனுக்கு எதிரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கித்தானே கும்பிடுகிறோம்? வானத்தில் மட்டும் அந்த மரியாதை குறையலாமா?

கடைக்காரர் கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. இருபது வருஷமாக டெலஸ்கோப் விற்கிற மனுஷன். ஒரு தடித்த குழாயிடம் அழைத்துப் போனார்.

"இது கண்ணாடி டைப் சார். பக்கவாட்டுல நின்னுதான் பாக்கணும்."

இளங்கோவன் முகம் மலர்ந்தது. வைஷ்ணவி அதைத் தூக்கிப் பார்த்தாள்; அசையவில்லை. ஆனேக்கல் பக்கம் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் லிஃப்ட் எட்டாவது மாடியோடு நின்றுவிடும். அதற்குமேல் மொட்டைமாடிக்குப் படிதான். தூக்க ஆளில்லை என்று இது கட்டிலுக்கு அடியில் போய்விடும், கூடவே வேலையும் போய்விடும். அவள் குழாயை விட்டுவிட்டு கிளிஃபர்ட் பக்கம் திரும்பினாள்.

"லைட்டா எதுவும் இல்லையா?"

"பர்வாகில்லா மேம், இருக்கு." என்று கன்னடம் கலந்து சொல்லி, லென்ஸ் வைத்த சின்ன ரெஃப்ராக்டர் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். பெரிய பப்பாளிப்பழக் கனம், அவ்வளவுதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுல நேராத்தானே பாக்கணும்?" என்றான் இளங்கோவன்.

"பின்னாடி இந்த டயகனல மாட்டிக்குங்க. உள்ள சாய்வா ஒரு கண்ணாடி. சனி கண்ணாடியப் பாப்பாரு. நீங்க குனிஞ்சு கண்ணாடியப் பாப்பீங்க."

"தோஷம்?"

"கண்ணாடியோட போச்சு. ஒரு வருஷம் வாரண்டி."

இளங்கோவனுக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. "போட்டோ எடுக்கணும்னா?"

"அப்ப டயகனலக் கழட்டிட்டு கேமராவ நேரா மாட்டணும்."

கேமரா சனியை வெறிக்க வெறிக்கப் பார்க்குமே! அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நம்ம வீட்ல இருக்கற கேமரா யார் பேர்ல வாங்கினது?"

"பரத்தோடது." பரத் அவள் தம்பி.

"மச்சானோடதா? அப்பப் பரவால்ல," என்றான் பெருந்தன்மையாக.

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, குளித்து விபூதி பூசிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தான். வைஷ்ணவி டெலஸ்கோப்பை ட்ரைபாடில் பூட்டி, சனியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். அவன் ஓரமாக நின்று குனிந்தான். குச்சி செருகிய மஞ்சள் பட்டாணி ஒன்று இருட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"பாவம் வைஷு. இத்துனூண்டு இருக்கு. இதையா இத்தனை வருஷம் திட்டினேன்?"

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அப்போ நான் வேலைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

"இரு, இரு. இது இவ்ளோ சாதுவா இருக்குன்னா, அத்தனையும் பண்ணது ராகுவாத்தான் இருக்கும். ராகுவக் காட்டு."

"ராகு எந்த டெலஸ்கோப்லயும் தெரியாதுங்க. அப்படி ஒண்ணு வானத்துலயே இல்ல."

"பாத்தியா? ஒளிஞ்சிருக்கான்!"

ஏழரை வருஷக் கோபம் தொண்டைவரை வந்தது. கத்தியிருப்பாள். அவன் முகத்தில் இருந்த அக்கறையைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. இந்த மனுஷனுக்குக் காட்டித் தீராது என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

"அந்த வாட்டர் டேங்க் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. ஒரு இடம் விடாமத் தேடணும்."

அவன் குழாயைத் திருப்பித் தேடத் தொடங்கினான். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனை எடுத்து, வேலையை ஏற்றுக்கொள்வதாகக் கம்பெனிக்கு எழுதி அனுப்பினாள்.

"கெடச்சானா?"

"இன்னும் இல்ல," என்றான், குனிந்தபடியே.

"நிதானமாத் தேடுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து நான் வீடு வந்து சேர எட்டு மணி ஆகும்."