ஆறாவது எண்

எங்கள் ஊர்க்காரர்கள் என்னை ஊராட்சித் துணைத்தலைவராக ஆக்கியது என் அறிவுக்காகவும் இல்லை, அழகுக்காகவும் இல்லை. தலைவராக ஜெயித்த மலைச்சாமியோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அது ஒன்றுதான் என் தகுதி. மலைச்சாமி என் கூடப் பிறந்த அண்ணன்.

ஊராட்சிப் பணத்தில் ஒரு ரூபாய் எடுப்பதானாலும் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் செக்கில் இரண்டு கையெழுத்து. இப்போது எல்லாம் கணினி. அவன் தன் பங்குக்கு அழுத்தியதும் என் செல்போனுக்கு ஆறு எண்கள் வரும். அதை நான் சொன்னால்தான் பணம் நகரும். துணைத்தலைவருக்கு வேறு என்ன வேலை என்று கேட்டால், கூட்டத்தில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காராச்சேவு தின்பதுதான்.

துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். அண்ணனும் தங்கையும் இந்த ஜென்மத்தில் ஒட்டமாட்டார்கள், ஆகவே பணம் பத்திரமாக இருக்கும் என்று அவர்கள் கூடி யோசித்துக் கண்டுபிடித்தார்கள். யோசனை சொன்னவர் மூன்றாவது வார்டு அசோக்குமார். தான் பெரிய ராஜதந்திரி என்று அவருக்கு நினைப்பு. ஆனால் யோசனை பலித்தது, அதை மறுப்பதற்கில்லை.

நாங்கள் பேச்சை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகிறது. தோட்டத்தில் போர்வெல் போடப் பேங்க்கில் கடன் வாங்கணும், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று என்னைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். அவன் விரலால் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன். அண்ணன் காட்டும் காகிதத்தைப் படித்துப் பார்த்தா போடுவார்கள்? அப்பாவின் மல்லிகைத் தோட்டத்தில் எனக்குப் பங்கே வேண்டாம் என்று நான் எழுதிக்கொடுத்துவிட்டது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

போன ஆடியில், குடிநீர்த் தொட்டியைப் பழுது பார்த்ததாக மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பில் வந்தது. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். உள்ளே காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. ஒரு கரண்டி சிமெண்டுகூடப் பூசவில்லை. காண்ட்ராக்டர் வேறு யாருமில்லை, அண்ணனின் மச்சினன். எண் சொல்ல முடியாது என்று ஊராட்சிச் செயலரிடம் சொல்லிவிட்டேன். பில் இரண்டு மாதம் அப்படியே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் என் மகள் பவித்ராவுக்கு நத்தத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாந்தோப்பு உள்ள குடும்பம், பையனுக்கு அரசு வேலை. பவித்ரா திண்டுக்கல்லில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள், லேசில் யாரையும் பிடிக்காது. இந்தப் பையனோடு போனில் பேசும்போது அவள் சிரிப்பது அடுப்படிவரை கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா சுந்தரம்மாள் நகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளைக்குத் தாய்மாமன் யாரு? நிச்சயத்துக்கு அவருதான நின்னு தட்டு வாங்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "வருவாரு, வருவாரு" என்று என் வீட்டுக்காரர் பாண்டியராஜ் முந்திக்கொண்டார்.

வந்தான். நிச்சயத்தன்று காலையில் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. இருபத்தொரு தட்டு, மலைவாழைப்பழம், பட்டுச்சேலை. வாசலில் நின்று, "முனீசு, உள்ள வரலாமா?" என்றான். ஒன்பது வருடமாக என்னை அப்படி யாரும் கூப்பிடவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி பட்டுச்சேலையைப் பவித்ராவின் மடியில் வைத்தார். பவித்ரா அதன் கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

சுந்தரம்மாள் மாற்றுவதற்குத் தங்கள் தட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் என் செல்போன் ஒலித்தது. அண்ணன் தன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தான்.

"ஒரு நம்பர் வந்திருக்கும். சொல்லு தாயி. செயலர் லைன்ல இருக்காரு. அத முடிச்சிட்டுத் தட்ட மாத்திருவோம்."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "சொல்லிரு. வெறும் நம்பர்தான" என்றார். அண்ணனோடு இதைப் பேசி முடித்துத்தான் கூட்டிவந்திருக்கிறார். அந்த மனிதரை அந்த இடத்திலேயே அடிக்கத் தோன்றியது.

தட்டு சுந்தரம்மாளின் கையில் காத்திருந்தது. பவித்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பணம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும், என் பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"நாலு" என்றேன். அவன் போனில் திருப்பிச் சொன்னான். "ஏழு. ஏழு. ரெண்டு. ஒம்போது."

ஐந்து எண் சொன்ன பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் பவித்ராவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பதிவு அலுவலகத்திலும் இதே அவசரம்தான். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

"இன்னொண்ணு?"

"சொல்ல மாட்டேன்."

அந்த எண் மூன்று நிமிடத்துக்குத்தான் செல்லும். மிச்சமிருந்த இரண்டு நிமிடமும் அவன் எனக்கு அண்ணனாக இருந்தான். "ஏந்தங்கம்ல" என்றான். "ஒன்னையத் தூக்கி வளத்தவன்டி நானு" என்றான். "அந்தத் தோட்டத்துல பாதிய ஒனக்கே எழுதித் தாரேன்" என்றுகூடச் சொன்னான். நான் செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். செயலர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவன் காதிலிருந்து போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"ஏலே, தட்டத் தூக்குங்கடா" என்றான்.

இருபத்தொரு தட்டும் வந்த வழியே போயின. அண்ணி திரும்பி வந்து, பவித்ராவின் மடியில் இருந்த பட்டுச்சேலையையும் எடுத்துக்கொண்டு போனார். சுந்தரம்மாள் தன் தட்டைக் கீழே வைக்காமலே எழுந்தார். சண்டையை முடித்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்றார். நாலாம் நாள் தரகர் போன் செய்தார். அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம்.

பவித்ரா லேப்புக்குப் போகிறாள், வருகிறாள். என்னோடு பேசுவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோக்குமாரும் மற்ற உறுப்பினர்களும் வாய்கொள்ளாச் சிரிப்போடு வந்தார்கள். கையில் பொன்னாடை வேறு. அதை என் தோளில் போர்த்தி ஒருவர் போட்டோ எடுத்தார்.

"மேளச் சத்தத்தக் கேட்டதும் எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு தாயி" என்றார் அசோக்குமார். "அண்ணனும் தங்கச்சியும் ராசியாயிட்டா ஊரு காசு என்னாகும்? நீங்க அசையலயே. அடுத்த தடவையும் இந்தப் பதவி ஒங்களுக்குத்தான், எழுதி வச்சுக்கங்க."

எனக்கு உச்சி கொதித்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்.

"ஒங்க பெரியவனுக்குப் பொண்ணு பாக்குறீகள்ல?"

"ஆமா தாயி."

"எம்மகளக் கட்டிக்கிறீகளா? ஒரே ஆளுக, ஒரே ஊரு. பிள்ளையச் சின்னதுலருந்து பாத்திருக்கீக."

சிரிப்பு அப்படியே நின்றது. மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். அசோக்குமார் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"பிள்ளைக்கு என்ன தாயி கொற, தங்கமான பிள்ளை. ஆனா வீட்டுல பொம்பளைக ஒத்துக்கணும்ல. தாய்மாமன் வாசப்படி மிதிக்காத எடத்துல எப்படி..."

"அந்த மாமன் மிதிக்கக் கூடாதுன்னுதானய்யா என்னைய அந்த நாக்காலியில ஒக்கார வச்சீக" என்றேன்.

அசோக்குமாரும் செருப்பைத் தேடினார். உள்ளே பவித்ரா கேட்டுக்கொண்டிருந்தாள்.