வேலிக்கு அப்பால் ஒரு கரடி

றொஷான் வாசற்படி இறங்கியபோது அவனுடைய நாலு வயது மகள் துஷ்யா அதற்குள் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி வரை ஓடிப்போய் நின்றிருந்தாள். அவன் ஓரடி வைத்தால் அவளும் ஓரடி தள்ளிப்போனாள். இருபத்தாறு நாட்களுக்குப் பிறகு இன்றுதான் அவன் தெருவைப் பார்க்கிறான். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில், கொரோனா வாட்டில் ஒட்சிசனோடு. மிச்ச நாட்கள் வீட்டின் மேலறையில், சாத்திய கதவுக்குப் பின்னால். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு படிக்கட்டின் அடியிலிருந்து துஷ்யாவின் குரல்: "அப்பா, இண்டைக்கும் இருமினீங்களோ?"

"இண்டைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. களைச்சா உடனே திரும்பி வாங்கோ" என்று மனைவி அஜித்தாதான் அனுப்பி வைத்தாள்.

பள்ளிக்கூடங்களைப் பூட்டிய பிறகு, நடக்கப்போகும் பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டுமென்று மனோர் பார்க் தெருக்களில் வீட்டுக்கு வீடு யன்னலில் பொம்மைக் கரடிகளை வைத்திருந்தார்கள். துஷ்யாவுக்கு அது கரடி வேட்டை. தாயோடு போய்வந்து, கீழே நின்றபடியே ஒவ்வொரு கரடியையும் அவனுக்குக் கத்திச் சொல்லுவாள். கண்ணாடி போட்டது, ஒரு காது இல்லாதது. கட்டிலில் கிடந்து அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஆறேழு வீடு தாண்டியதும் மூச்சு முட்டியது. ஒரு வீட்டின் குட்டைச்சுவரில் உட்கார்ந்தான். வானத்தில் ஒரு விமானம்கூட இல்லை. ஏப்ரல் வெயில் முழங்காலில் விழுந்தது.

"அப்பா, அங்க பாருங்கோ!"

எதிர்வீட்டு யன்னலில் ஒரு கரடி, நெற்றி நிறையத் திருநீற்றோடும் பொட்டோடும் இருந்தது. றொஷானுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, குனிய வைத்து, கண்ணில் நீரை வரவழைத்தது. நிமிர்ந்தபோது துஷ்யாவைக் காணவில்லை. தெருவோரம் நிறுத்தியிருந்த வான் ஒன்றின் பின்னால் இரண்டு சின்னச் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன.

"குஞ்சு, அப்பாக்கு ஒண்டுமில்லை. வெளியில வாங்கோ."

"அம்புலன்ஸ் வருமோ?"

"வராது."

"நான் கிட்ட வந்தா வரும்." அவள் தலையை மட்டும் நீட்டினாள். "அண்டைக்கு உங்கட நெஞ்சில ஏறிப் படுத்தனான். பிறகுதானே உங்களுக்கு மூச்சு விட ஏலாமப் போனது."

இவ்வளவு நாளும், பிள்ளை தன்னைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்திருந்தான். மேலறையில் அதை நினைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த இரவுகள் உண்டு. ஆனால் அவள் தள்ளி நின்றது அவனைக் காப்பாற்ற.

"அது கிருமி செய்தது. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை" என்றான். "நீங்கள் படுத்தது அப்பாக்கு நல்லாத்தான் இருந்தது."

"உண்மையாவோ?"

"உண்மையா."

அவள் மறைவிலிருந்து வெளியே வந்தாள். பிறகு முன்னால் நடந்தாள். இந்தமுறை கைக்கெட்டும் தூரத்தில்.

தெருமுனை வீட்டின் செடிவேலி அவளைவிட உயரம். நுனிக்காலில் நின்றாள், குதித்தாள். "உள்ளுக்க ஒண்டு இருக்கு. எனக்குத் தெரியேல்லை." திரும்பி அவனுடைய வாயையும் நெஞ்சையும் பார்த்தாள். "நான் பாரம் எண்டு அம்மா சொல்லுறவா. தூக்க ஏலுமோ?"

தெரியாது என்பதுதான் உண்மை. "ஏலும்" என்று முழங்காலிட்டான். அவள் மெதுவாக, ஏதோ உடைந்துவிடும் பொருளைத் தொடுவதுபோல, அவன் கழுத்தில் கையைப் போட்டாள். வேலியோரக் கம்பியைப் பிடித்து எழுந்தான். மூச்சு இரைத்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு மூச்சு போக அடுத்தது வந்தது. அவளுடைய தலைமயிரில் வேப்பெண்ணெய் சோப்பும் வியர்வையும் மணத்தன.

யன்னலில் பழைய மண்ணிறக் கரடி ஒன்று கதிரையில் உட்கார்ந்திருந்தது. திரை அசைந்தது. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் உள்ளிருந்து குனிந்து, இவர்களைப் பார்த்ததும் கரடியின் கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டினார். துஷ்யா ஒரு கையை வீசி ஆட்டினாள். மற்றக் கை றொஷானின் சட்டைக் கொலரை இறுக்கிப் பிடித்திருந்தது.