செதில் உதிராத பச்சை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் மூன்று வரிகள் திருட்டு. கண் மருத்துவமனையில் எனக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். பின்வரிசையில் வயதான ஒரு கணவரும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது கடல் தாண்டி வந்ததில்ல."

"வந்ததுன்னு யாரு சொன்னா? இங்கயே பொறந்தது."

"அப்ப உங்க அண்ணன்?"

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். மருந்து விட்ட கண்ணுக்கு ஒரு பழுப்பும் ஒரு நீலமும் மட்டும் தெரிந்தன. எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். ஆட்கள் பிறகு வருவார்கள், சில சமயம் வராமலே இருந்துவிடுவார்கள். இந்த முறை, 'இது' எது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. பறவை என்று வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. படகு பிறக்காது. கடைசியில் ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது.

2

தொடக்கங்கள்:

'அந்தக் காலையில் சுவர் மூச்சு விட்டது. அதைப் பார்த்த' (நிறுத்திவிட்டேன். மாடி ஏறினால் எனக்கே மூச்சு வருவதில்லை, சுவருக்கு எங்கே வரும்.)

'பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து' (இது பிரிவுபசார விழாப் பேச்சு.)

சரி, நேராகவே சொல்கிறேன். மாடி முகப்பின் வெள்ளைச் சுவரில் காலை ஏழு மணிக்கு அது உட்கார்ந்திருந்தது. விரித்த சிறகு உள்ளங்கை நீளம். பாசி படிந்த குளத்தில் யாரோ பாலையும் இளஞ்சிவப்பையும் ஊற்றி, கலப்பதற்கு முன் ஒரு விரலால் இழுத்துவிட்டுத் தூங்கப் போனதுபோன்ற பச்சை. அரளி அந்துப்பூச்சி. வெப்ப நாடுகளில் பிறந்து, காற்று தோதாக இருக்கும் ஏதோ ஒரு வருடம் கடலைக் கடந்து குளிர்ப் பகுதிகளுக்கு வரும். கடலுக்கு வடக்கே, குளிர்ப் பகுதியில் இருக்கும் இந்த ஊருக்கு அது மிக அபூர்வம். வீட்டுக்காரர், அந்த ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்தான், அதற்காக வாழ்நாளெல்லாம் காத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் அவர் முகம் இருண்டது.

3

ஏன் என்று சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் யார் எந்த அந்துப்பூச்சியைக் கண்டாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். தானாக வந்தது உண்மை என்றால், வட்டாரத்தில் தென்பட்ட அந்துப்பூச்சிகளின் பதிவேட்டில் ஏற்றுவார். எட்டு வருடத்துக்கு முன் மனைவியின் அண்ணன், பேருந்துப் பணிமனை மெக்கானிக், இதே பச்சையைத் தீப்பெட்டி அட்டைமேல் ஏந்திவந்தார். பணிமனைச் சுவரில் கிடைத்தது என்றார். இவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். கடல் கடந்து வந்த பூச்சிக்குச் சிறகின் பொடிபோன்ற செதில் உதிர்ந்திருக்கும், சிறகோரம் கிழிந்திருக்கும். இதுவோ தறியிலிருந்து அப்போதுதான் இறங்கியது மாதிரி இருந்தது. கூட்டுப்புழுவைத் தபாலில் வாங்கி வளர்த்துப் பேர் வாங்கப் பார்ப்பவர்கள் உண்டு. பதிவேட்டில் எழுதினார்: 'வளர்ப்பு. ஏற்கவில்லை.'

என் வார்த்தையைவிடப் பூச்சியின் செதில் பெரிதா என்று மட்டும் மெக்கானிக் கேட்டாராம். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. தங்கையோடு பேச்சும் நின்றது.

4

இந்த மனைவிமேல்தான் எனக்குச் சந்தேகம். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

ஐந்து வாரத்துக்கு முன், முகப்பில் வைத்திருந்த அரளித் தொட்டியில் புழுக்களைப் பார்த்தாள். கோடை தொடங்கியபோது, செதில் உதிர்ந்து கந்தலாகக் கடல் கடந்து வந்த ஒரு தாய், யார் கண்ணிலும் படாமல் இளந்தளிரின் அடியில் முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போயிருக்கிறது. பச்சைப் புழு, பின்பக்கம் சிறு கொம்பு. தலையை உள்ளிழுத்தால் இரண்டு நீலக் கண்கள் திறந்து முறைக்கும். (அவை கண்களல்ல, வெறும் புள்ளிகள். என் மாமியாருக்கும் அந்த வித்தை தெரியும்.) மாடு தின்றால் சாகும் இலையை அது விருந்தாகத் தின்றது. பிறகு ஒருநாள் பழுப்பாகி, தண்டு வழியே இறங்கி, சருகுக்கடியில் மெல்லிய கூடு கட்டிக்கொண்டு காணாமல் போயிற்று.

ஏன் முதல் நாளே சொல்லவில்லை? ஜெயித்துக் காட்டத்தானே? எழுதுவதை நிறுத்திவிட்டு அவளிடமே கேட்டேன்.

"சொன்னா எடுத்து ஜாடியில போட்டு வெச்சிருப்பாரு. அப்புறம் அது வளர்ப்பு ஆயிடும். எங்கண்ணன் ரெண்டாந்தடவ பொய்யனாயிடுவாரு."

சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

5

இதிலும் ஒரு செதில்கூட உதிரவில்லை. ஆகவே முதலில் அவர், அக்கம்பக்கத்தில் யார் இதை வளர்த்துப் பறக்கவிட்டது என்று விசாரித்தார். பிறகுதான் நான் திருடிய வரிகள். இது கடல் தாண்டி வந்ததில்லை என்றார். இங்கேயே பிறந்தது என்று சொல்லி, தொட்டிச் சருகிலிருந்து வெடித்த பழுப்பு ஓடொன்றை எடுத்து அவள் அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஊதினால் பறந்துவிடும் எடை.

"நீ புழுவத் தொட்டியா?"

"தண்ணி ஊத்தினேன். தண்ணி ஊத்துறது வளர்ப்புன்னா, மழை பேரையும் சேத்து எழுதிக்கங்க."

அவர் சிரிக்கவில்லை. பணிமனை வேலி நெடுக அரளி நட்டிருந்தது அவருக்கு நினைவு வந்தது. எட்டு வருடத்துக்கு முன் அங்கே போனபோது சுவரை மட்டும் பார்த்திருந்தார். வேலியடியில் குனியவில்லை.

"அப்ப உங்க அண்ணன்?"

"எட்டு வருஷமா நானும் அதையேதான் கேக்கறேன்."

அந்தி மயங்கினால் பூச்சி போய்விடும். மெக்கானிக் வீட்டிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம்.

6

முடிவு ஒன்று: அண்ணன் வருகிறார். சுவர் முன்னால் மூவரும் மௌனமாக நிற்க, பச்சை மெல்ல (எழுதி முடித்துப் படித்தேன். ஒரு கிழிசல்கூட இல்லை. கதை எங்கோ ஜாடியில் வளர்ந்ததுபோல் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவர் பதிவேட்டைத் திறந்து, 'ஏற்கவில்லை' என்பதை அடித்து, 'ஏற்கப்பட்டது' என்று எழுதி மூடுகிறார். அண்ணனுக்குச் சொல்வதில்லை. (நம்ப முடிகிறது. நம்ப முடிகிறது என்பதால்தான் அவளை அந்த வீட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.)

முடிவு மூன்று: மாலை நான்கு மணி. மனைவி எண்ணை அழுத்திக் கொடுக்கப் பார்க்கிறாள். வேண்டாம் என்று அவரே அழுத்துகிறார். தப்பாக அழுத்தி மறுபடியும் அழுத்துகிறார். மறுமுனையில் எடுக்கிறார்கள்.

"மச்சான், நான்தான். அன்னிக்கு நீங்க பொய் சொல்லல. நான்தான் வேலிக்குக் கீழ குனிஞ்சு பாக்காம எழுதிட்டேன். அதே பச்சை, இப்ப எங்க வீட்டுச் சுவத்துல இருக்கு. இருட்டுற வரைக்குந்தான் இருக்கும். வர்றீங்களா?"

அண்ணனின் குரலை மருத்துவமனையில் நான் கேட்கவில்லை. இட்டுக்கட்டி எழுத எனக்கு உரிமையும் இல்லை. ஆகவே அந்தத் தொலைபேசியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு வருடமாக உங்களைப் பொய்யன் என்று எழுதிவைத்திருந்த மனிதர் காத்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் உங்கள் தங்கை மூச்சுவிடாமல் நிற்பது உங்களுக்குத் தெரிகிறது.

சொல்லுங்கள்.