இறங்காத பச்சைப் படகு

ஆர்லெட்டா கிம்ப்ரோவின் படகு எலுமிச்சம்பச்சை நிறம். அதைச் சும்மா சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. வில்லோ குடாவில் மற்றவர்கள் வைத்திருக்கும் படகெல்லாம் வெள்ளை, அல்லது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தவை. வசந்தத்தில் ஏரியில் இறக்கினால் இலை உதிரும் வரை துறையோரம் கட்டிப்போட்ட எருமை மாதிரி தண்ணீரிலேயே கிடக்கும். பச்சைப் படகு அப்படிக் கிடக்காது. அது ஜெட் படகு. வாலில் சுழலும் இறக்கை கிடையாது. வயிற்றுக்கடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிக்கொண்டு ஓடும். தண்ணீரிலேயே ஊறவிட்டால் அந்த வயிற்றுக்குள் பாசி பிடிக்கும். அதனால் ஓட்டி முடித்ததும் ஆர்லெட்டா அதைத் தன் துறையோரம் மிதக்கும் படகு லிப்டில் ஏற்றிச் சுவிட்சைத் தட்டுவாள். அடியிலிருக்கும் தொட்டிகளில் காற்று நிரம்பும். படகு சொட்டச் சொட்ட மேலே எழும்பி, பல்லக்கில் உட்கார்ந்த ராணி மாதிரி குடாவையே ஒரு பார்வை பார்க்கும்.

அந்தப் பார்வை நேராகப் போய் விழுவது பாய்ட் ஹென்ஸ்லி வீட்டு மாடத்தில்.

பாய்ட் பக்கத்து வீட்டுக்காரர். குடா சங்கத்தின் தலைவரும் அவர்தான். தேர்தலில் வேறு யாரும் நிற்காததால் பல வருஷமாக அவர்தான். சாயங்காலமானால் ஐஸ் டீயோடு மாடத்தில் உட்கார்ந்து சூரியன் ஏரியில் இறங்குவதைப் பார்ப்பது அவருக்குக் கோயில் மாதிரி. இப்போது சூரியன் இறங்குகிற இடத்தில் ஒரு பச்சைப் படகின் பின்பக்கம் தொங்குகிறது.

"ஆர்லெட்டா, அது படகா, இல்ல பல்லிக்குப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கியா?" என்று முதல் நாளே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"பல்லின்னா உன் வீட்டுப் பூச்சியெல்லாம் தின்னுட்டுப் போகட்டும், விடு."

"நாப்பது வருஷமா படகு ஓட்டறேன். ஜெட் படகெல்லாம் சின்னப் பசங்க பொம்மை. இந்த வயசுல உனக்கெதுக்கு?"

எதற்கு என்று பாய்டுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவர் குடாவில் யாருமில்லை. ஆர்லெட்டா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஜூலை மாதம் நீந்திவிட்டு யாரோ ஒருவரின் படகில் ஏறப் போனாள். ஓட்டியவன் குடித்திருந்தான். இன்ஜினை அணைக்கவில்லை. சுழலும் இறக்கை அவளுடைய இடது காலில் பெருவிரலையும் பக்கத்து விரலையும் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் ஆர்லெட்டா செருப்பைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டே பல வருஷம் முழங்கால் அளவு தண்ணீரில்கூட இறங்கவில்லை. இறக்கையே இல்லாத படகு என்று ஒன்று இருக்கிறது எனத் தெரிந்த பிறகுதான் மறுபடி நீந்தினாள். விடியலில் மற்ற படகுகள் எழுந்திருக்கும் முன் நடு ஏரிக்குப் போவாள், குதிப்பாள், படகின் பின்படியில் பயமில்லாமல் கால் வைத்து ஏறுவாள். அந்தப் படகு வாசலில் லிப்டில் இருந்தால்தான் இது நடக்கும். தூரத்துப் படகுக் கொட்டகையில் வாடகை கொடுத்து நிறுத்தினால் அவர்கள் கதவைத் திறப்பதற்குள் ஏரி சந்தை ஆகிவிடும்.

ஆகஸ்டில் பாய்டுக்கு ஒரு புது அவசரம் வந்தது. மகள் ஷெல்பிக்குக் கல்யாணம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை, அவர்கள் வீட்டுப் புல்வெளியில், சூரியன் மறையும் நேரத்தில். போட்டோ எடுக்கிறவன் வந்து பார்த்துவிட்டு, "சார், பின்னணியில அந்தப் பச்சை..." என்று இழுத்தானாம். உடனே பாய்ட் சங்கத்தின் பெயரால் ஒரு விதி எழுதினார்: எந்தப் படகும் துறைப் பலகைக்கு மேலே உயர்த்தி வைக்கப்படக் கூடாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடுவதாக ஏற்பாடு. ஆனால் கல்யாணம் அதற்கு முந்தின சனிக்கிழமை. அதனால் முன்கூட்டியே ஆர்லெட்டா வீட்டுப் படியேறினார்.

"விதி எப்படியும் வரப்போகுது. சனிக்கிழமையே இறக்கிடு. கொட்டகைக்குக் கொண்டுபோயிடு."

"இது கேக்கறதா, சொல்றதா?"

"சங்கத் தலைவரா சொல்றேன்."

"பாய்ட், உன் பொண்ணை ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து என் பஸ்லதான் கூட்டிட்டுப் போனேன். வாந்தி எடுத்தா தொடச்சு விட்டேன். பக்கத்து வீட்டுக்காரனா வந்து, 'ஆர்லெட்டா, ஒரு நாளைக்கு இறக்கி வைக்கறியா'ன்னு கேட்டிருந்தா, ரிப்பன் கட்டியே இறக்கியிருப்பேன். தலைவரா சொன்னா..."

அவள் துறைக்கு நடந்துபோய்ச் சுவிட்சைத் தட்டினாள். படகு இன்னும் ஒரு முழம் மேலே போனது.

கல்யாணத்துக்கு அழைப்பு இருந்தது, அதை ரத்து செய்ய ஷெல்பி விடவில்லை. ஆர்லெட்டா ஊதா நிற உடை தைத்து, அதற்கேற்ற மூடிய காலணி வாங்கி வைத்திருந்தாள். சனிக்கிழமை மதியம் நெல்டா ரேபர்னை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு போனாள். நெல்டா குடாவின் மேல்முனையில் இருக்கிறவள்; கார் ஓட்டமாட்டாள், ஆனால் அவளுக்குத் தெரியாமல் குடாவில் ஒரு காரும் நகராது.

"அடியே, கழுத்துல என்னடி அது?" என்று காரில் ஏறியதும் நெல்டா கேட்டாள். "கல்யாணத்துக்கு வர்றப்பவுமா படகுச் சாவி?"

"சாவியில்ல, தக்கைக்காக."

லிப்டில் ஏற்றும் படகுக்கு ஒரு வழக்கம் உண்டு. படகின் பின்பக்க அடியில் ஒரு வடிகால் துளை, அதற்கு ஒரு பித்தளைத் தக்கை. லிப்டில் ஏறியதும் தக்கையைத் திருகிக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மழை பெய்தால் படகு தொட்டியாகி, அந்தக் கனத்தில் லிப்டே வளைந்துவிடும். இறக்கும் முன் மறக்காமல் திருகி மாட்ட வேண்டும். ஆர்லெட்டா தக்கையையும் சாவியையும் ஒரே சங்கிலியில் கோத்திருந்தாள். சாவி இல்லாமல் ஓட்ட முடியாது. ஆகவே தக்கையை மறக்கவும் முடியாது. தண்ணீரிலேயே படகைப் போட்டு வைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வசந்தத்தில் ஒரு தடவை மாட்டினால் அப்புறம் தக்கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். பாய்ட் நாற்பது வருஷமாக மறந்திருந்தார்.

இருவரும் சாலைப் பக்கமாக வந்து, ஹென்ஸ்லி வீட்டைச் சுற்றிப் புல்வெளியில் வெள்ளை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பூ வளைவு, வயலின், விசிறியாக மடித்த காகிதங்கள். ஷெல்பி வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

போதகருக்கு ஜெபம் என்றால் நீளம். எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடினார்கள். ஆர்லெட்டாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஜெபத்தில் கண்ணை மூடும் பழக்கம் கிடையாது. அந்த நேரத்தில்தான் யார் யாருடைய பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நிம்மதியாகப் பார்க்கலாம். பார்த்துக்கொண்டே வந்தவள் ஏரிப் பக்கம் திரும்பினாள்.

வானம் காலியாக இருந்தது.

முதலில் யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தாள். அப்புறம் துறைப் பலகைக்கு மேலே பச்சை மூக்கு மட்டும் தெரிந்தது. அந்த மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு ஏறுகிறதென்றால் வால் இறங்குகிறது. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தக்கை உடைக்குள் குளிர்ந்தபடி இருந்தது.

முன்வரிசையில் இன்னொருவரும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பாய்ட். ஒரு கண்ணால் ஏரியையும் இன்னொரு கண்ணால் ஆர்லெட்டாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெள்ளைச் சட்டைக் காலரின் நிறத்துக்கு வந்திருந்தது.

போதகர் இல்லறத்தின் பொறுமை பற்றி இன்னும் கர்த்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்லெட்டா எழுந்தாள். புது காலணிக் குதி புல்லில் புதைந்தது. இதைப் போட்டுக்கொண்டு துறையில் ஓடினால் பலகைச் சந்தில் மாட்டிக்கொள்ளும். இன்ஜினும் பாட்டரியும் இருப்பது படகின் வால் பக்கம். தண்ணீர் அங்கே ஏறிவிட்டால் அப்புறம் விடியல் நீச்சல் என்ற பேச்சே கிடையாது. ஒரு நொடி யோசித்தாள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. உட்காரட்டும். இரண்டு காலணியையும் உதறி நாற்காலி மேல் வைத்தாள். விரல் குறைந்த காலோடு, உடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு புல்வெளியின் நடுவே ஓடினாள்.

துறையில், லிப்டுத் தொட்டிகளின் காற்றை வெளியே விடும் திறப்பான் திறந்தே கிடந்தது. அதை அடித்து மூடினாள். சுவிட்சைத் தட்டினாள்.

லிப்டின் காற்றடிப்பான் சத்தம் எப்படியிருக்கும் என்றால், வீட்டிலிருக்கிற பெரிய வேக்குவம் கிளீனரைத் தேவாலயத்தில் போட்டது மாதிரி. போதகர் 'ஆமென்' சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் ஏரிப் பக்கம் திரும்பியது. தொட்டிகள் முக்கின, முனகின, தண்ணீர்க் கனத்தோடு படகு அங்குலம் அங்குலமாக எழுந்தது. வால் மேலே வந்ததும் வடிகால் துளையிலிருந்து பீய்ச்சியடித்தது பாருங்கள் ஒரு நீரூற்று! மறைகிற சூரியன் அந்தத் தண்ணீரில் பட்டு ஆரஞ்சும் பொன்னுமாக மின்னியது.

பாய்ட் கோட்டு பறக்க ஓடிவந்தார். பின்னாலேயே நெல்டா. அவளுக்கு முட்டி வலி என்று யார் சொன்னது?

"நிறுத்து அதை! கல்யாணம் நடக்குது!"

"நிறுத்தினா மூழ்கும். யாரு இறக்கினது?"

"எனக்கென்ன தெரியும்? காத்து தானா கசிஞ்சிருக்கும். இந்த மாதிரி பொம்மைக்கெல்லாம்..."

"தானா கசிஞ்சா படகு சாயங்காலத்துக்குள்ள இவ்வளவு கீழ போகாது. யாரோ திறப்பானை மொத்தமாத் திறந்து விட்டிருக்காங்க."

"மொத்தமாவா? மெதுவாத்தானே திறந்தேன்!"

சொன்னபிறகுதான் அவருக்கே கேட்டது. காற்றடிப்பான் அந்த நேரம் பார்த்து மூச்சுவாங்கி நின்றது. நெல்டா, "அப்படியா பாய்ட்?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அவள் மரியாதையாகக் கேட்டால் அது ராத்திரிக்குள் ஐந்து சமையலறைக்குப் போய்ச் சேரும்.

ஆர்லெட்டா சங்கிலியை உடைக்குள்ளிருந்து இழுத்து, தக்கையை அவர் மூக்குக்கு நேரே தொங்கவிட்டாள்.

"இது என்ன தெரியுதா?"

பாய்ட் தக்கையைப் பார்த்தார். துளையைப் பார்த்தார். நாற்பது வருஷப் படகு அனுபவம் முகத்தில் மெல்ல மெல்ல இறங்கியது.

"நீ... கழட்டியா வச்சிருந்த?"

"லிப்ட்ல இருக்கிற படகுக்குக் கழட்டித்தான் வைப்பாங்க, தலைவரே."

புல்வெளியில் ஷெல்பி சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அழுது முடித்த மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு துறைக்கே வந்துவிட்டாள். "மிஸ் ஆர்லெட்டா, தண்ணியை நிறுத்தாதீங்க! இப்படியே இருக்கட்டும்!" என்று நீரூற்றுக்கு முன்னால் அவனை நிறுத்தி முத்தம் கொடுத்தாள். முன்பு 'அந்தப் பச்சை' என்று இழுத்த போட்டோக்காரன் இப்போது மண்டியிட்டு, படுத்து, துறைப் பலகையில் உருண்டு உருண்டு எடுத்தான். ஆர்லெட்டா வெறுங்காலோடு சுவிட்சுப் பக்கம் நின்றாள். படத்தில் அந்தக் காலும் விழுந்திருக்கிறது. அதை மறைத்துவிடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றாள்.

இன்ஜின் தப்பித்தது. தண்ணீர் அதன் அடியைத் தொட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வந்து யாரும் பார்த்ததில்லை. உருளைக்கிழங்கு சாலட் பத்தவில்லை. பாய்ட் தொண்டையைச் செருமி விதியை வாசித்தார். நடுவில் நெல்டா கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம் தலைவரே. உயர்த்தி வச்சிருக்கிற படகை யாராவது இறக்கணும்னா, சங்கம் மெதுவாத் திறக்குமா, மொத்தமாத் திறக்குமா?"

அதற்கப்புறம் ஓட்டுக்கு விட முடியவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் பாய்ட் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் ஆர்லெட்டாவின் துறைக்கு வந்தார். தலைவராக இல்லை, கையில் மிச்சமிருந்த கல்யாணக் கேக்கோடு.

"ஆர்லெட்டா. பக்கத்து வீட்டுக்காரனா கேக்கறேன். ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க மாடத்துல சாப்பிட வர்றாங்க. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் இறக்கி வைக்கறியா?"

ஆர்லெட்டா கேக்கை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டாள். நல்ல கேக்.

"இப்பத்தான் கேக்கற விதம் தெரிஞ்சிருக்கு உனக்கு."

"அப்ப இறக்குவியா?"

"கேட்டிருந்தா இறக்கியிருப்பேன்னு சொன்னேன் பாரு, அது போன வாரம்."

செருப்பில்லாத காலால் சுவிட்சைத் தட்டினாள். படகு இன்னும் ஒரு முழம் ஏறியது.