சத்தம் போடாத பள்ளிக்கூடம்

சாவியைத் திருகுவதற்கு முன் சிஸ்டர் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள்கள் என்று நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்து இருக்கையில் இருந்த மாஸ்டர், "அப்படியே கண்ணாடியையும் பாத்துக்கோங்க சிஸ்டர்" என்றான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் அவனுடைய வலது கால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. பின் இருக்கையில் அவனுடைய ஆறு வயது மகள், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்பது போல சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி வண்டியில் வீட்டு ஆட்களை ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆனால் அவளை விட்டுவிட்டு வர இடம் இல்லை. மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மூத்தவன் பள்ளிக்குப் போயிருந்தான். இவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடந்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டீச்சர் வேறு ஒரு பையனைப் பார்த்துப் போட்ட சத்தத்தில், நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த இவள் சீருடையை நனைத்துவிட்டாள். அவ்வளவுதான். திட்டு வாங்க வேண்டியவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போய்விட்டான். இவள்தான் அன்றோடு அந்தப் பள்ளியில் பேச்சை நிறுத்தினாள். பிறகு பக்கத்து வீட்டில் நிறுத்தினாள். போன வாரம் போனில் தாய்மாமன் "என்னடா குட்டி" என்று கொஞ்சம் உற்சாகமாகக் கேட்டதற்குப் போனை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். யாரோ ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வருவது போல இருந்தது மாஸ்டருக்கு. மிச்சம் இருப்பது அவனும் அவன் மனைவியும் அண்ணன்காரனும் இருக்கிற ஓர் அறை. அதுவும் அணைந்துவிட்டால் என்ன செய்வது?

அதனால் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை என்று சட்டம் வந்தது. டிவி ஊமையாக ஓடியது. மிக்ஸிக்குத் துண்டு சுற்றினார்கள். மூத்தவனைத் திட்டுவதுகூடச் சைகையில்தான். அவனும் சைகையிலேயே எதிர்த்துப் பேசினான். அவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் பயப்பட வேண்டியது பள்ளிதான்.

இவளுக்காக ஏறி இறங்காத பள்ளி இல்லை. ஒன்றில் நீச்சல் குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. இன்னொன்றில் நாளைய தலைவர்களை உருவாக்குவதாகச் சொன்னார்கள். பாத்ரூம் போகணும் என்று வாய் திறந்து கேட்கிற அளவுக்கு உருவாக்கினால் போதும் என்றிருந்தது அவனுக்கு. எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம்: "எங்க ஸ்கூல்ல யாருமே சத்தம் போட மாட்டாங்க சார்." ஓர் இடத்தில் அதைச் சத்தமாகச் சொன்னார்கள்.

கடைசியில் மனைவிதான் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பள்ளியைச் சொன்னாள்.

"கொஞ்சம் பிள்ளைங்கதாங்க. காலையில ஜெபம் பண்ணிட்டுத்தான் பாடமே ஆரம்பிப்பாங்க."

"அதுதான் பயமா இருக்கு."

"ஜெபம் பண்றதா?"

"இவ ஃபேன் கிரீச்சுன்னாலே பயப்படுறா. இவகிட்டப் போய், கடவுள் உன்ன எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்காருன்னு சொன்னா என்ன ஆவா?"

"என்னையும் அப்படிச் சொல்லித்தான் வளத்தாங்க. நான் என்ன ஆயிட்டேன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்த கணவன் உலகத்தில் இல்லை. மாஸ்டர் தலையை ஆட்டி வைத்தான். அவள் கோயிலிலேயே வளர்ந்தவள். அவன் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் கோயிலுக்குள் நுழைகிறவன், அதிலும் பின் வரிசை. பள்ளி அலுவலகத்தில் பேசி இடம் பிடித்ததெல்லாம் அவள்தான். இன்று சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையான சிஸ்டர், மடத்து டிரைவருக்குக் கண் மங்கிவிட்டதால் தாமே கார் ஓட்டக் கற்றுக்கொள்வதென்று அவனுடைய கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். வேறு மாஸ்டருக்குப் போக வேண்டியவரை அவன் கெஞ்சிக் கேட்டுத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டான். தனக்கு ஒரு மகள் இருப்பதை இன்றுவரை சொல்லவில்லை; அவர் பள்ளியில் அவளுக்கு இடம் காத்திருப்பதை இன்றும் மூச்சுக்கூட விடவில்லை. ஆளைத் தெரிந்துகொள்ள அவனுக்கென்று ஒரு வழி இருந்தது. வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், கால் பொய் சொல்லாது. வங்கி மேலாளர் ஒருவர் பச்சை விளக்கைப் பார்த்தாலே பிரேக் போடுவார். போலீஸ்காரர் ஒருவர் மரத்தில் இடித்துவிட்டு மரத்திடம் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டரின் கால் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மெதுவாக அழுத்தியது, மெதுவாக விட்டது. அது பொறுமையான காலா, அல்லது ஒரு பள்ளியையே பார்வையால் அடக்கி வைத்திருப்பதால் அவசரப்படத் தேவையில்லாத காலா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஸ்கூலப் பாத்துட்டு வாங்கன்னா, அந்தம்மா காலப் பாத்துட்டு வர்றீங்க" என்றாள் மனைவி, சட்டப்படி மெல்லிய குரலில்.

வண்டி கிளம்பியது. சிஸ்டர் கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்து, "வணக்கம்" என்றார். பதில் வரவில்லை. "சரி" என்று சொல்லி விட்டுவிட்டார். பெயர் என்ன, எந்த வகுப்பு, பூனை நாக்கைக் கொண்டுபோய்விட்டதா என்று பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் எதையும் கேட்கவில்லை. மாஸ்டர் மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டான். உடனே சந்தேகமும் வந்தது. கேட்காதது நல்ல குணமா, இல்லை கியரைத் தேடிக்கொண்டிருந்ததாலா?

"ரெண்டாவது கியர் போட்டுக்கலாங்களா சிஸ்டர்" என்று அவன் தேன் தடவியது போலச் சொன்னான். பயிற்சி மைதானத்தில் அவன் ஒரு அதட்டுப் போட்டால் அடுத்த கம்பெனி வண்டிகளும் சேர்ந்து நிற்கும். அப்படிப்பட்டவனிடமிருந்து இந்தக் குரல் வந்ததும் சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா மாஸ்டர்?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க ரோட்டப் பாருங்க."

பெரிய நாற்சந்தியை நெருங்கும்போது இடது பக்கச் சந்திலிருந்து, பார்சல் மூட்டை கட்டிய ஸ்கூட்டர் ஒன்று தன் பாட்டுக்கு வெளியே வந்தது. சிஸ்டரின் கால் முதல்முறையாக அவசரப்பட்டது. பிரேக் என்று நினைத்து மற்றதை மிதித்தது. வண்டி பாய்ந்தது. மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை அடியோடு மிதித்தான், அதே மூச்சில் வாயும் திறந்துகொண்டது.

"பிரேக்கு! பிரேக்க மிதிங்கன்னா எதுல காலை வெக்கிறீங்க? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

கண்ணாடிகள் அதிர்ந்தன. ஸ்கூட்டர்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். வண்டி ஒரு குலுங்குக் குலுங்கி, நாற்சந்தியின் நடுவில், இஞ்சின் அணைந்து நின்றது. அப்போதுதான் மாஸ்டருக்குப் பின் இருக்கை ஞாபகம் வந்தது. எந்தப் பள்ளியில் சத்தம் போட மாட்டார்கள் என்று ஊரெல்லாம் அலைந்தவன், அந்தச் சத்தத்தைக் கையோடு கொண்டுவந்து அவளுக்கு ஒரு முழம் முன்னால் வைத்து முழங்கியிருக்கிறான். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. இருக்கை நனைந்திருக்குமோ என்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கடைசி அறையின் விளக்கைத் தன் கையாலேயே அணைத்துவிட்டோமோ என்பதுதான்.

பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

"ஸ்டார்ட் பண்ணுங்க சிஸ்டர்" என்றான். குரல் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது.

"பண்றேன்" என்றார் சிஸ்டர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. "கால் நடுங்குது மாஸ்டர். ஒரு நிமிஷம் பயந்துக்கறேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவனிடம் சாக்குச் சொல்லியிருக்கிறார்கள். செருப்பு சரியில்லை, வெயில் கண்ணைக் கூசுகிறது, பிரேக் இடம் மாறியிருக்கிறது. பயந்துகொள்ள ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டவர் யாரும் இல்லை. ஹாரன்கள் இன்னும் கூடின.

"அப்பா கத்துனாரு."

பின் இருக்கையிலிருந்து வந்தது. குரல் நூலளவு இருந்தது, ஆனால் வந்தது.

"ஆமா" என்றார் சிஸ்டர், முன்னால் பார்த்தபடியே.

"அழுவீங்களா?"

"வர்ற மாதிரிதான் இருக்கு. இங்க நடுரோட்டுல வேணாம்னு பாக்கறேன்."

பிறகு, "உங்க ஸ்கூல்லதான் என்னச் சேக்கப் போறாங்களாம்" என்றது பின் இருக்கை.

சிஸ்டர் மெதுவாகத் தலையைத் திருப்பி மாஸ்டரைப் பார்த்தார். பத்து நாளாக ஒளித்து வைத்தது நாற்சந்தியில் அவிழ்ந்து கிடந்தது. அவன் வண்டியின் வேகமானியை, பூஜ்யத்தில் நிற்கும் முள்ளை, மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஸ்கூல்ல கத்துவாங்களா?"

சொல்லுங்க சிஸ்டர், என்று அவன் மனசுக்குள் மன்றாடினான். அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். எல்லாப் பள்ளியும் சொன்னதுதானே, நீங்களும் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? இந்த மாதிரி நேரத்துக்குத்தானே பொய் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

"கத்துவாங்க" என்றார் சிஸ்டர். "தினமும் இல்ல. நானும் கத்தியிருக்கேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கடவுள் பாத்துக்கிட்டே இருப்பாராமே. அப்பா சொன்னாரு."

"பாப்பாருன்னுதான் நானும் நம்பறேன்."

"கத்துறப்பவும்?"

"அப்பதான் முக்கியமா."

"பாத்துட்டு என்ன பண்ணுவாரு?"

சிஸ்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பின்னால் ஒரு லாரிக்காரன் இறங்கி வந்து பேசுகிற வரைக்கும் போயிருந்தது நிலைமை. "அது எனக்கு இன்னும் சரியாத் தெரியல, கண்ணு" என்றார். "நியூட்ரல் எங்க இருக்குன்னே இப்பதான் தேடிக்கிட்டு இருக்கேன்."

தேடிக் கண்டுபிடித்தார். இஞ்சின் உறுமியது. அங்கிருந்து பள்ளி வரைக்கும் முதல் கியரிலேயே போனார்கள். வண்டி வலி வந்தது போல முனகியது. கியரை மாற்றுங்கள் என்று சொல்ல வேண்டியவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எந்தக் குரல் வரும் என்று அவனுக்கே நிச்சயம் இல்லை. பின் இருக்கையும் பேசவில்லை. பேச்சு தீர்ந்துவிட்டதா, நின்றுவிட்டதா என்று அவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டே வந்தான்.

பள்ளிக் கேட்டுக்கு எதிர்ப்புறம், சாலையோரமாக, சிஸ்டர் வண்டியை ஒருவழியாக நிறுத்தினார். சாவியை அவன் கையில் கொடுத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்ல ஆள் இருப்பாங்க" என்றார். சாலையைக் கடந்து கேட்டைத் திறந்து உள்ளே போனார். கேட்டைச் சாத்தவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று அதிலும் ஒரு குழப்பம் அவனுக்கு.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, யோசிச்சீங்களா? ஆபீஸ்ல இருந்து ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க. அந்தம்மா எப்படி? கத்துவாங்களா?"

"அவங்க இல்ல..." என்று ஆரம்பித்தான் மாஸ்டர். நாற்சந்தியை எந்தப் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குவது? "அவ பேசுனா" என்றான். "சிஸ்டர்கிட்ட. வாயத் தொறந்து பேசுனா."

"என்னது? ஒண்ணும் கேக்கல."

பின்கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று அவனுக்குத் தெரியாது. இருக்கை காலியாக, உலர்ந்து இருந்தது. சீட் பெல்ட் கொக்கி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பதறிப்போய்ச் சாலையைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருந்தாள். கேட்டின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கால் வெளியே ஒரு கால் உள்ளே என்று நின்றாள். இடையில் பேருந்து ஒன்று, வேன் ஒன்று, வரிசையாக வண்டிகள். இங்கிருந்து கூப்பிட்டால் அவள் காதில் விழ வேண்டும் என்றால் மைதானத்துக் குரலில்தான் கூப்பிட வேண்டும்.

உள்ளே எங்கோ ஒரு வகுப்பில் யாரோ ஒரு பெண், ஏதோ ஒரு பையனை, உச்சஸ்தாயியில் அதட்டினாள். சாலையைத் தாண்டி அவனுக்கே கேட்டது.

"ஏங்க, கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன்" என்றாள் மனைவி போனில்.

அவன் திறந்த வாயோடு பார்த்துக்கொண்டிருந்தான். மகளின் முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது; மற்றக் கையும் மேலே எழுந்து, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கம்பியைப் பிடித்துக்கொண்டது. கால்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.