இடப்பக்கத்துக் கிறக்கம்

எங்கள் வானொலி நிலையத்தில் அவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். பாடமாட்டார்; பாட்டுப் போடுவார். காதலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பாட்டுகள் சொல்லிக்கொடுத்ததுதான். கண் மது, பேச்சு போதை, பார்த்தாலே கால் தள்ளாடும், அந்த ரகம். நான் அவருக்கு இடப்பக்கம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து விளம்பரம் வாசிப்பவள்.

"உன்னை நிமிர்ந்து பார்த்தா தலை கிறுகிறுன்னு சுத்துது. மேஜையைப் பிடிச்சுக்க வேண்டியிருக்கு" என்றார் ஒருநாள். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. நான் சொக்கிப்போனேன். அன்றைக்குப் பற்பசை விளம்பரத்தைக்கூடக் குழைந்து குழைந்துதான் வாசித்தேன்.

பெண் கேட்க வீட்டுக்கு வந்தார். எனக்கு எல்லாமே அக்காதான். காது, மூக்கு, தொண்டை மருத்துவர். வாயைத் திறந்தால் குத்தல். சோபாவில் உட்கார்ந்த பாட்டுக்காரர், இடப்பக்கம் மேலே ஓடிய மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி சோபாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, ஃபேன் மேலயும் காதலா?" என்றாள் அக்கா.

மறுநாளே அவரைத் தன் கிளினிக்கில் படுக்க வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். காதுக்குள் ஏதோ துகள்கள் இடம் மாறிக் கிடந்தனவாம். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

"இனிமே சுத்தாது. சுத்தலைன்னாலும் இவளைப் பிடிக்குதான்னு பாருங்க. அப்புறம்தான் மாப்பிள்ளைன்னு கூப்பிடுவேன்."

எனக்கு வந்த கோபம்! ஊரில் இத்தனை காது இருக்க, என் காதலில்தானா இவள் கைவைக்க வேண்டும்? நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் ஒரே கேள்வி. அவருக்குப் பிடித்தது என்னையா, கிறுகிறுப்பையா? எனக்கோ அவர் வேண்டும், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரோ யாரையோ பார்த்து மயங்கி விழுந்துகொண்டிருந்தார். இவர் மெல்ல இடப்பக்கம் நிமிர்ந்தார்.

"சுத்துதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

விளம்பரத் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் அதைக் கீழே இறக்கினார்.

"உனக்குப் புருவத்து மேல ஒரு தழும்பு இருக்கே!"

"சின்ன வயசுல விழுந்தது. இத்தனை நாளா தெரியலையா?"

"எங்க பார்த்தேன்? பார்த்த உடனே மேஜையைப் பிடிக்கப் போயிடுவேனே."

பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவே மூச்சுவிடக்கூட இடம் தராத மனிதர், அடுத்ததைப் போடவே இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. தொலைபேசி அலறியது. மேலாளர் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அக்கா.

"என்னடி, ரேடியோ ஊமையாயிடுச்சு? மறுபடியும் சுத்துதா அவருக்கு?"

"இல்லக்கா. சுத்தலை. அதான் பார்த்துக்கிட்டே இருக்கார்."



"சரி, மாப்பிள்ளையைப் பாட்டுப் போடச் சொல்லு. ஊரே காத்துக்கிட்டிருக்கு."