வாடகைக்குப் போன பெட்டி

வேதமாணிக்கம் வாத்தியாரின் முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியை மாரிக்கண்ணன் துடைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. அழுகிறவர்கள் குனிந்து குனிந்து பார்ப்பதில் கண்ணாடி சீக்கிரம் மங்கிவிடும். ஐஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுகிற மற்றவர்களைப் போல இல்லாமல், துணியோடு பக்கத்திலேயே நிற்பது அவனாகக் கண்டுபிடித்த சேவை.

வாசலுக்கு வந்து போனை எடுத்தான். மனைவி வேல்விழி.

“அத்தை போயிட்டாக,” என்றாள். “காப்பி கேட்டாக. ஆத்திக் கொண்டுட்டு வர்றதுக்குள்ள…”

தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவன் பெட்டி வாடகைக்கு விடத் தொடங்கி இன்னும் வருசம் திரும்பவில்லை. ‘மறுபடி வாங்க’ என்று யாரிடமும் சொல்ல முடியாத யாவாரம். சிவகாசிப் பக்கத்துக்காரன் என்ற மிதப்பில் கம்பெனி பெயரைப் போட்டு தினசரி காலண்டர் அடித்து வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தான். அவன் தெருமுனை திரும்பும்வரைகூட அது எந்தச் சுவரிலும் தொங்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்குத்தான் எடுபட்டது: வரவேண்டியவர் வந்து முகம் பார்க்கும்வரை பெட்டி நகராது. கரண்டு போனால் ஜெனரேட்டர் உண்டு.

இந்த வீட்டுக்கு வரவேண்டியவன் மகன் அகஸ்டின். குவைத்திலிருந்து நாளை மத்தியானம் வருகிறான். மாரிக்கண்ணன் வீட்டுக்கு வரவேண்டியவள் தங்கச்சி ரோஜா. சூரத்திலிருந்து ரயிலில் வந்து சேர ரெண்டு நாள் ஆகும். பெட்டி ஒன்றுதான்.

விருதுநகரில் பெட்டி வைத்திருந்தவர்களுக்குப் போன் போட்டான். எல்லாமே வெளியே போயிருந்தன. பட்டாசுக்குத் தீபாவளி மாதிரி, இந்தத் தொழிலுக்கு மே மாத வெயில்தான் சீசன். “மே மாசம் பாரு ஆத்தா, நம்ம பெட்டி வீட்டுலயே தங்காது,” என்று போன மாதம்தான் பெற்றவளிடம் பெருமையடித்திருந்தான்.

உள்ளே ஞானபூரணி டீச்சர் புருசனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். “தம்பி, அகஸ்டின் வர்ற வரைக்கும் தாங்கும்ல?”

“தாங்கும் டீச்சர்.”

ஜெனரேட்டர் போடும் விதத்தை டீச்சரின் தம்பிக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, ஊரில் ஒரு சோலி என்று பைக்கை எடுத்தான்.

எம். புதுப்பட்டியில் ஆத்தா இருளம்மாளை பெஞ்சில் கிடத்தி, அடியில் ஐஸ் பாரை உமி போட்டு வைத்திருந்தார்கள். சித்தப்பா ஆண்டிச்சாமி வாசலிலேயே மறித்தார்.

“எங்கலே பெட்டி?”

“திருத்தங்கல்ல இருக்கு சித்தப்பா. நாளைக்குத்தான் எடுக்க முடியும்.”

“ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு குடுத்துட்டு, பெத்தவளுக்கு உமியாலே? போயி விசயத்தச் சொல்லித் தூக்கிட்டு வா. அவுகளும் மனுசங்கதான, குடுக்க மாட்டாகளா?”

“சொன்னாக் குடுத்துருவாக. அதான் சொல்லல.”

ஆண்டிச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா யாவாரம் படிச்சலே,” என்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இந்த வெக்கையில ஐசு எம்புட்டு நேரம் நிக்கும்? பொழுது சாயுறதுக்குள்ள எடுத்திரணும். பிறகு ஒந்தங்கச்சி என்னைய வையக்கூடாது.”

அந்நேரம் ரோஜாவே கூப்பிட்டாள். பின்னால் ரயில் அறிவிப்பு இந்தியில் ஓடிக்கொண்டிருந்தது.

“வண்டி ஏறப் போறேண்ணே. ஆத்தாளப் பெட்டியில வச்சிட்டியா? நம்ம பெட்டி இருக்குன்னுதான் பதறாம நிக்கேன்.”

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ வீட்டாருக்குப் போனில் தைரியம் சொல்லிப் பழகிய நாக்கு.

“பெட்டி வெளிய போயிருக்கு ரோஜா.”

இந்திக் குரல் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

“யாருக்கு?”

“ஒரு வாத்தியாரு. மகன் குவைத்துல இருந்து வர்றான்.”

“அவன் பாத்திருவானா?”

“பாத்திருவான்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “ஆத்தாளுக்கு என்ன சீலை கட்டியிருக்கீக?”

எட்டிப் பார்த்தான். “பச்சை. பொங்கலுக்கு நீ எடுத்துக் குடுத்தது.”

“சரி,” என்றாள். அடுத்து ஏதோ சொன்னாள். வண்டி வந்த இரைச்சலில் அது கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஆத்தாளை எடுத்தார்கள். மறுநாள் சுடுகாட்டில் காடாற்றிவிட்டு மாரிக்கண்ணன் திருத்தங்கலுக்குக் கிளம்பியபோது வேல்விழி பைக் சாவியை எடுத்துத் தந்தாள்.

அகஸ்டின் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தான். மாரிக்கண்ணன் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“தொட்டுப் பாத்துக்கங்க தம்பி. அவசரமில்ல.”

அகஸ்டின் அப்பாவின் கன்னத்தில் கை வைத்தான். வீடு மொத்தமும் அவனைப் பார்த்து அழுதது. ஞானபூரணி டீச்சர் மட்டும் மூடியைப் பிடித்திருந்தவனைப் பார்த்தார். மழித்த தலையை, மீசை இருந்த இடத்தை.

“எப்ப தம்பி?”

“நேத்து, டீச்சர்.”

“அம்மாவா?”

தலையை ஆட்டினான்.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து சுற்றி வந்து, மூடியின் மறுமுனையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பாரம் பாதியானது. ரோஜாவின் ரயில் அப்போது ஆந்திராவில் எங்கோ வந்துகொண்டிருந்தது.